குறையை மறைத்தால் விலை குறையும்!

செல்போனில் பழைய பொருள் விற்பவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

தீபாவளி முடிந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் சில வாரங்களுக்கு வேலை இராது. வேலை இல்லை என்றால் கூலியும் இல்லை. ஆனால் வீட்டுச் செலவு நிற்குமா? மளிகைக் கடைக் கணக்கு நிற்குமா?

இந்த நாட்களில்தான் வீட்டில் சும்மா கிடக்கும் பொருள்களின் மேல் கண் போகிறது. பழைய எக்ஸ்.எல். வண்டி, தையல் மெஷின், பிரிட்ஜ், பீரோ. முன்பு இவை தெரிந்தவர்கள் கைக்குப் போகும். அல்லது புரோக்கர் மூலம் விலை போகும். இப்பொழுது செல்போனில் விளம்பரம் கொடுக்கிறார்கள். ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகியவை இதற்கு உதவுகின்றன. வீட்டுச் சாமான் ஒன்றிரண்டு விற்பதற்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது.

சிலருடைய பொருள் இரண்டே நாளில் விற்றுவிடுகிறது. சிலருடைய பொருளோ மாதக்கணக்கில் கிடக்கிறது. கடைசியில் பாதி விலைக்குப் போகிறது. என்ன காரணம்?

அரிசியும் கல்லும்

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஜார்ஜ் அகர்லாப் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர். அவர் 1967-68ஆம் ஆண்டில் இந்தியாவில் தங்கியிருந்தவர். பழைய கார் வியாபாரத்தைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பிவிட்டன. கடைசியில் 1970இல் அது வெளிவந்தது. 2001இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது!

நம் நாட்டுப் பெண்கள் கடையில் வாங்கிய அரிசியில் கல் பொறுக்குவதை அந்தக் கட்டுரையில் அவர் குறிப்பிட்டிருக்கிறார். கல்லும் அரிசியும் ஒரே நிறம். எது எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பழைய வண்டியும் அப்படித்தான்.

ஒரு தெருவில் இரண்டு பழைய வண்டிகள் விலைக்கு வருவதாக வைத்துக்கொள்ளலாம். நல்ல வண்டியின் மதிப்பு 30 ஆயிரம் ரூபாய். கெட்ட வண்டியின் மதிப்பு 10 ஆயிரம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. வாங்க வருகிறவர் என்ன செய்வார்? எதற்கும் நடுவாக 20 ஆயிரம் என்பார். நல்ல வண்டிக்காரருக்கு அது கட்டாது. அவர் விலகிவிடுவார். மிஞ்சுவது கெட்ட வண்டி! அடுத்த முறை வாங்குகிறவர் இன்னும் குறைத்துக் கேட்பார்.

ஆகவே, உண்மை தெரியாத இடத்தில் நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காது. தன் பொருளைப் பற்றிய உண்மையை முழுவதும் சொல்லுகிறவருக்கே அது கிடைக்கும்.

எப்படி எழுதுவது?

"நல்ல வண்டி. குறைந்த விலை. உடனே தொடர்பு கொள்க." இப்படிப் பலர் எழுதுகிறார்கள். இதில் ஒரு தகவலும் இல்லை. பத்திரிகையில் காசு கொடுத்து வரி விளம்பரம் போட்டபொழுது ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எழுதினார்கள். செல்போனில் இடம் தாராளம். எழுத்தோ சுருங்கிவிட்டது!

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100. 2019ஆம் ஆண்டு வண்டி. ஒரே ஓனர். 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஆர்.சி. கையில் உள்ளது. பைனான்ஸ் பாக்கி இல்லை. இன்சூரன்ஸ் மார்ச் வரை உண்டு. என்ஜின் நன்றாக இருக்கிறது. பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும். இடது பக்கம் ஒரு கீறல் உண்டு, படம் பார்க்கவும். விலை ரூ.28 ஆயிரம். சிறிது பேசலாம். சிவகாசியில் நேரில் வந்து ஓட்டிப் பார்க்கலாம்."

டயர் தேய்ந்ததைச் சொன்னால் விலை குறையாதா? சிறிது குறையும். ஆனால் "டயரைப் பற்றியே மறைக்கவில்லை, என்ஜினைப் பற்றிச் சொல்லுவதும் உண்மையாக இருக்கும்" என்ற நம்பிக்கை பிறக்கும். மறைத்தால், நேரில் வந்து பார்க்கிறவர் டயரோடு நிறுத்தமாட்டார். எல்லாவற்றையும் சந்தேகிப்பார்.

படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கவேண்டும். நான்கு பக்கமும் தெரியவேண்டும். கீறலும் தெரியவேண்டும். விலையை எழுதாமல் விடக்கூடாது.

இந்த மாவட்டத்துக்கு இது புதிய பாடம் அல்ல. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகைகளில் வருகிறது. அதில் அலங்காரம் இல்லை. பண்டம், எடை, விலை. மூன்றே சொல்லில் வியாபாரம் விளங்கிவிடுகிறது! சிவகாசியோ தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடித்து வளர்ந்த ஊர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அந்தத் தொழிலைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும் பெருகியது. லேபிள் அழகாக இருந்தால் ஒரு தடவை வாங்குவார்கள். பெட்டிக்குள் இருக்கும் குச்சி எரிந்தால்தான் மறுதடவை வாங்குவார்கள்!

பணம் வாங்கும்பொழுது உஷார்!

வாங்குகிறவர்தான் ஏமாறுவார் என்பதில்லை. விற்கிறவரும் ஏமாறுகிறார். மோசடிக்காரன் பேரம் பேசமாட்டான். சொன்ன விலைக்கு உடனே சம்மதிப்பான். ராணுவத்தில் வேலை, நேரில் வர இயலாது என்பான். "க்யூ.ஆர். கோடு அனுப்புகிறேன். ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டால் பணம் வரும்" என்பான்.

பணம் வராது. போகும்!

யு.பி.ஐ.யில் பணம் கொடுப்பதற்குத்தான் ரகசிய எண் வேண்டும். வாங்குவதற்கு வேண்டியதில்லை. இந்த ஒன்றை வீட்டில் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு இருந்துவிடக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். தாமதம் ஆக ஆக, பணத்தைப் பிடிப்பது கடினம்.

வீட்டு முகவரியை விளம்பரத்தில் எழுதவேண்டாம். பகலில், ஆட்கள் நடமாடும் இடத்தில் வைத்து வண்டியைக் காட்டுவது நல்லது.

பெயர் மாறினால்தான் விற்பனை

பணம் கைக்கு வந்துவிட்டது, வண்டி போய்விட்டது. வேலை முடிந்ததா? இல்லை!

ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர். விற்றுவிட்ட வண்டி விபத்தில் சிக்கினாலும், நஷ்ட ஈட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையே சேரும் என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. எங்கோ, யாரோ ஓட்டிய வண்டிக்காக இங்கே ஒரு கூலிக் குடும்பம் கோர்ட்டு ஏறவேண்டி வரலாம்.

ஆகவே 29, 30 ஆகிய எண்கள் கொண்ட படிவங்களில் கையெழுத்திட்டு, பெயர் மாற்றத்தை முடித்துவிடவேண்டும். மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது சட்டம்.

பட்டாசு மட்டும் கூடாது

தீபாவளிக்கு வாங்கி மீந்த பட்டாசையும் இப்படி விற்கலாமா? கூடாது. இணையம் வழியாகப் பட்டாசு விற்கக்கூடாது என்று 2018 அக்டோபர் 23ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பட்டாசு விற்க லைசென்சும் வேண்டும். ஆகவே "பாதி விலைக்குப் பட்டாசு" என்று செல்போனில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்புவதும் ஆபத்து.

நல்ல விளம்பரத்துக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. என்ன பொருள், என்ன வயது, என்ன குறை, என்ன விலை. இந்த நான்கையும் உள்ளபடி எழுதினால் போதும். பல வருடம் உழைத்து வாங்கிய வண்டி. அதை விற்கும்பொழுதும் உழைப்புக்கு உரிய விலை கிடைக்கவேண்டும் அல்லவா?