வேலியோரக் காந்தளை விட்டுவையுங்கள்

ஆடி, ஆவணியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும். கோடை முழுக்க முள்ளும் குச்சியுமாக நின்ற கிளுவை வேலிக்குள்ளிருந்து ஒரு பச்சைக் கொடி தலைநீட்டும். ஏறுவதற்கு அதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. ஒவ்வோர் இலையின் நுனியும் நீண்டு, சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் அந்த வேலியே தீப்பற்றியதுபோல் இருக்கும். தலைகுனிந்து தொங்கும் பூவின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். விரியும்போது பச்சை கலந்த மஞ்சள், பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்பும், வாடும் முன் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் இத்தனை நிறங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

இதுதான் செங்காந்தள், தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கப்படும் 99 பூக்களில் முதலில் நிற்பது இது. சங்கப் புலவர்கள் பெண்களின் விரல்களுக்கு உவமையாக்கியதும், முருகனுக்கு உரியதாகப் பாடியதும் இதைத்தான். ஆனால் ஊருக்குள் போய்க் ‘காந்தள்’ என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ‘கண்வலிப் பூ’ என்றால் உடனே கைகாட்டுவார்கள். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது பழைய நம்பிக்கை. கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். ஈழத்தில் அது கார்த்திகைப்பூ.

இந்தச் செடி உலகத்திலிருந்தே அழிந்துகொண்டிருக்கிறது என்று சொன்னால் அது பொய். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக வளர்கிறது. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் இதைக் களை என்று பிடுங்குகிறார்கள். அது இடம் இழப்பது அதைப் பாடிய நம் மண்ணில், நம் வேலிகளில்தான். கிளுவையும் கள்ளியும் அடர்ந்த உயிர்வேலியைப் பொக்லைன் வைத்து ஒரே நாளில் வழித்தெடுத்து, கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிடுகிறோம். நிழலும் பிடிமானமும் போனபின் காந்தள் எதைப் பற்றி ஏறும்?

சேதம் மண்ணுக்கு அடியிலும் நடக்கிறது. காந்தள் கிழங்கு ஆங்கில எழுத்து ‘வி’ போல இரண்டு கைகளாகப் பிரிந்திருக்கும். முளைக்கும் கண் ஒவ்வொரு கையின் நுனியிலும் மட்டுமே இருக்கிறது. உருளைக்கிழங்குபோல் உடம்பெல்லாம் கண் கிடையாது. தோண்டும்போது நுனி ஒடிந்தால் அந்தக் கை முளைக்காது. ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கி, அதன் இடத்தில் புதியது உருவாகிறது. கொடி காய்ந்த பிறகு அடுத்த மழை வரை அது மண்ணுக்குள் தூங்குகிறது. காட்டில் அவசரமாகக் கிழங்கு தோண்டுகிறவர் அடுத்த ஆண்டின் கொடியையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறார்.

ஏன் தோண்டுகிறார்கள்? இதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளுக்காக. 1820ல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் பெல்லெட்டியேயும் காவெந்துவும், காந்தளுக்கு உறவான ஓர் ஐரோப்பியச் செடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். கீல்வாத வகையான கவுட் நோய்க்கு இன்றும் அது மருந்து. மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் குறைந்த அளவில் தரலாம் என்று 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது.

அந்த மருந்துக்காகத்தான் திண்டுக்கல், கரூர், திருப்பூர், அரியலூர், நாகப்பட்டினம் பகுதிகளில் காந்தள் பயிராகிறது. விதை வெளிநாடுகளுக்குப் போகிறது. இந்தப் பயிர் கேட்கும் உழைப்பு கொஞ்சநஞ்சமல்ல. பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டு நிற்பதால், தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் ஆட்கள் கொடி கொடியாகப் போய்க் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டாலும் விதையின் விலை நிலையாக இருப்பதில்லை. நடவுச் செலவில் பெரும்பங்கு கிழங்குக்கே போகிறது. நடவுக் கிழங்கு கட்டுப்படியாகாத விலையில் கிடைத்தால், காட்டுக் கிழங்கின் மேல்தான் கண் போகும்.

செடி முழுவதும் நஞ்சு என்பதையும் மறைக்கக் கூடாது. கிழங்கைச் சர்க்கரைவள்ளியென்றோ வேறு கிழங்கென்றோ நினைத்துச் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. கைமருந்தாக இதை உரைத்துக் குடிப்பது மிகவும் ஆபத்து. அப்படி யாராவது சாப்பிட்டுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தைகள் விளையாடும் பள்ளி முற்றத்திலோ வீட்டு வாசலிலோ இதை நடவும் வேண்டாம். ஆனால் நஞ்சு என்பது வெட்டி எறிவதற்குக் காரணம் ஆகாது. அரளியும் நஞ்சுதான், அதை நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம்.

மாநில விலங்கான வரையாட்டுக்கு 2022ல் 25.14 கோடி ரூபாயில் தனித் திட்டம் வந்தது. மாநில மரமான பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ல் அறிவிக்கப்பட்டது. இரண்டும் நல்ல முடிவுகள். அதே அக்கறை காந்தளுக்கும் வர வேண்டும். சாகுபடிக்கு வேண்டிய கிழங்கை வேளாண் பல்கலைக்கழகமும் தோட்டக்கலைத் துறையும் பண்ணைகளில் பெருக்கி மலிவு விலைக்குத் தர வேண்டும். காட்டுக் கிழங்கை வாங்கும் வியாபாரத்தைத் தடுக்க வேண்டும். விதைக்குக் கட்டுப்படியான விலை உறுதியாக வேண்டும். உயிர்வேலியைக் காக்கும் விவசாயிக்கு அரசு ஊக்கத்தொகை தரலாம். கம்பி வேலிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது.

வேலி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு வேலியைக் கழிக்கும்போது காந்தள் ஏறியிருக்கும் இடத்தை மட்டும் காய் முற்றிக் கொடி காயும் வரை, தை மாதம் வரைக்குமாவது, விட்டுவையுங்கள். கிழங்கைத் தொடாதீர்கள். அடுத்த ஆடி மழைக்கு அது தானே முளைத்து வரும்.