கூட்ட ஹாலுக்கு ஒரு கையாள்



நவராத்திரி வந்தால் வேளிமலைக் குமாரசுவாமிக்கு ஆரியசாலையில்தான் ஜாகை. பத்மநாபபுரத்துச் சரசுவதி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை, வேளிமலை முருகன் மூவரும் குமரி மாவட்டத்திலிருந்து ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போவார்கள். நங்கை செந்திட்டைக் கோயிலில் இறங்கிக்கொள்வாள். முருகன் ஆரியசாலை அம்மன் கோயிலில் தங்குவார். சரசுவதி மட்டும் கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்துக்குப் போய்விடுவாள், பாட்டுக் கேட்க.

அந்த மண்டபத்தில் எவ்வளவு பெரிய வித்துவான் பாடினாலும் கைதட்டக் கூடாது. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடும்வரை பெண்களுக்கு அங்கே மேடையும் இல்லாமல் இருந்தது. எனக்கு அந்த மண்டபத்தில் மிகவும் பிடித்தது அதன் கூரை. மைக் இல்லாத காலத்தில் பாட்டு நன்றாகக் கேட்பதற்காக மண்பானைகளைக் கவிழ்த்து மேலே தொங்கவிட்டிருந்தார்கள். கரண்ட், ரிமோட் எதுவும் கேட்காத ஒலி ஏற்பாடு.

இப்போது அந்தக் கூரை நினைவுக்கு வந்ததற்குக் காரணம், ஆரியசாலையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம். ராஜா கேசவதாசர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் உண்டாக்கிய சாலைக் கடைத்தெருவை ஒட்டிய பகுதி அது. தமிழ் பேசும் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம். நம் வாசகர் அங்கே ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர். கடைக்கு மேல் மாடியில் ஐம்பது நாற்காலி போடக்கூடிய ஹால். சுவரில் பெரிய டி.வி., அதன் தலையில் ஒரு வெப்கேமரா, மூலையில் பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு மைக். ஆண்டுப் பொதுயோகத்துக்குத் துபாயிலும் பெங்களூருவிலும் இருக்கும் உறுப்பினர்கள் ஜூமில் வருகிறார்கள். ஒவ்வொரு யோகத்திலும் முதல் அரைமணி நேரம், “கேக்குதா? கேக்குதா?” என்பதிலேயே போய்விடுகிறதாம். முன்பு மைக் செட் வைத்திருந்த அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்; அவர் தொழிலை விட்டுவிட்டார். “என் பேத்தி போனில் ஏஐ போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதை வைத்து ஹாலை ஓட்ட முடியுமா சார்?” என்று கேட்கிறார்.

ஓட்டலாம். ஆனால் பெரிய கம்பெனிகள் ஓட்டுவது போல அல்ல. டெக்னோபார்க் போன்ற ஐ.டி. வளாகங்களின் மீட்டிங் அறைகளுக்கென்றே ஜூம் ரூம்ஸ், டீம்ஸ் ரூம்ஸ், வெபெக்ஸ் என்று தனி ஏற்பாடுகள் உண்டு. பேசுகிறவர் பக்கம் கேமரா தானே திரும்பும். பதிவுசெய்த குரலை வைத்து, பேசுவது யார் என்று எழுதிக்காட்டும். அறையை முன்பதிவு செய்தவர் வராவிட்டால் அதை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும். அதெல்லாம் மாதச் சந்தா கட்டும் கம்பெனிகளின் சமாசாரம். மாடி ஹாலுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

செயலாளருக்கு வேண்டியது கையில் இருக்கும் போன்தான். டி.வி.க்குப் பின்னால் இருக்கும் துளைகளை ஒரு படம், ஆம்ப்ளிஃபயரின் முதுகை ஒரு படம், இரண்டிலும் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை ஒரு படம் எடுங்கள். சாட்ஜிபிடியோ ஜெமினியோ கிளாடோ, எதுவானாலும் சரி, படங்களைக் கொடுத்து, “லேப்டாப்பின் படம் டி.வி.யிலும் சத்தம் இந்த ஆம்ப்ளிஃபயரிலும் வர வேண்டும். எந்த வயரை எங்கே சொருக வேண்டும்? ஒவ்வொரு படியாகச் சொல்” என்று தமிழிலேயே கேளுங்கள். சொல்லும். “நோ சிக்னல்” என்று டி.வி. நீலமாக நின்றால் அந்தத் திரையையும் படமெடுத்துக் கேட்கலாம். பெரும்பாலும் வயர் இரண்டாம் எச்டிஎம்ஐ துளையில் இருக்கும், டி.வி. முதல் துளையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஏஐ உதவியாளருக்கு, தெரியாது என்று சொல்லும் பழக்கம் குறைவு. உங்கள் டி.வி.யில் இல்லாத ஒரு மெனுவை இருப்பதாக அடித்துச் சொல்லும், ஏதோ வேறு மாடலின் நினைவில். டி.வி. கம்பெனியின் கையேட்டைப் பிடிஎஃப் ஆக இறக்கிக் கொடுத்து, “இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டு” என்று கேட்டால் வழிக்கு வரும். வைஃபை பாஸ்வேர்டு எழுதி ஒட்டிய சீட்டு, சங்கத்தின் பாங்க் பாஸ்புக் இதெல்லாம் படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து “கூ…” என்று காதைக் கிழிக்கும் சத்தம். ஸ்பீக்கரில் வருவதை மைக் மறுபடி வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கே அனுப்ப, அது இன்னும் பெரிதாக்கித் தள்ள, சுற்றிச் சுற்றி வளர்வதுதான் அந்தக் கூவல். இதற்கு ஏஐ சொல்லும் வைத்தியமும் அண்ணாச்சி செய்ததும் ஒன்றுதான். ஸ்பீக்கர் பெட்டிகள் மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும். பேசுகிறவர் மைக்கை வாயருகே பிடிக்க வேண்டும். பேசாதவரின் மைக்கை அணைக்க வேண்டும். இதில் இரண்டாவதைத் தலைவர்கள் யாரும் கேட்பதில்லை. அதற்கு எந்த இயந்திரமும் ஒன்றும் செய்ய முடியாது.

எதிரொலி வேறு ரகம். ஹாலில் லேப்டாப் ஏற்கெனவே ஜூமில் இருக்கும்போது, முன்வரிசையில் ஒருவர் தன் போனிலும் அதே கூட்டத்தைத் திறந்துவைத்திருப்பார். ஒரே அறையில் இரண்டு காது, இரண்டு வாய். ஒன்றின் மைக்கையும் ஸ்பீக்கரையும் மூடினால் பாதி வழக்கு தீர்ந்தது. மீதிப் பாதி ஆம்ப்ளிஃபயரால் வருவது. லேப்டாப் தன் ஸ்பீக்கரில் விட்ட சத்தம் தன் மைக்கிலேயே திரும்பினால், அடையாளம் கண்டு கழித்துவிடும். அது வெளியே போய், பழைய ஆம்ப்ளிஃபயர் வழியாகப் பெருகி, வெறும் சுவரில் மோதித் திரும்பினால் திணறும். ஒரு மேஜையைச் சுற்றிச் சிலர் மட்டும் உட்காரும் கமிட்டிக் கூட்டத்துக்கு யுஎஸ்பி ஸ்பீக்கர்போன் ஒன்றை வாங்கி நடுவில் வைப்பது, ஆம்ப்ளிஃபயரோடு மல்லுக்கட்டுவதைவிட மேல்; ஐம்பது பேர் ஹால் முழுக்க அது எட்டாது.

இங்கேதான் பானைக் கூரை எனக்கு உறைக்கிறது. டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர் உள்ள அறையில் பேச்சு முட்டி மோதிக் கூழாகிவிடும். ஃபேன் சத்தத்தையும் கடைத்தெரு ஹாரனையும் இன்றைய மென்பொருள் நன்றாகவே கழித்துவிடுகிறது. கூழான பேச்சைத் தெளியவைப்பது அதற்குக் கடினம். எழுத்தாக்கச் சொன்னால் இன்னும் மோசம். ஜன்னலுக்குக் கனமான திரை, தரைக்கு ஜமுக்காளம் இரண்டும் போட்டுப் பார்த்துவிட்டு ஏஐயிடம் போகலாம் என்பது என் கட்சி.

இரைச்சலைக் கழிக்கும் இந்தச் சாமர்த்தியத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மென்பொருளுக்கு மனிதப் பேச்சுத்தான் சத்தம், மற்றதெல்லாம் இரைச்சல். நவராத்திரிக்கு உங்கள் ஹாலில் வீணைக் கச்சேரி வைத்து வெளியூர் உறுப்பினர்களுக்கு ஜூமில் காட்டினால், வீணையின் நீண்ட கார்வையை ஃபேன் சத்தம் என்று நினைத்து விழுங்கிவிடும். ஜூமில் “ஒரிஜினல் சவுண்டு ஃபார் மியூசிஷியன்ஸ்” என்று ஒரு அமைப்பு இருக்கிறது. கச்சேரி அன்றைக்கு அதை மறக்காமல் போடுங்கள்.

இந்தத் தொழில்நுட்பம் எல்லாம் கலிபோர்னியாவில் பிறந்து வர வேண்டும் என்றும் இல்லை. ஊரடங்கு நேரத்தில் மத்திய அரசு உள்நாட்டு வீடியோ கான்ஃபரன்ஸ் மென்பொருளுக்கு ஒரு போட்டி வைத்தது. 2020 ஆகஸ்டில் அதில் ஜெயித்து ஒரு கோடி ரூபாய் பரிசு வாங்கியது ஆலப்புழையின் டெக்ஜென்ட்சியா நிறுவனம். பரிசு பெற்ற வீகன்சோல் என்ற மென்பொருள் அவர்கள் செய்ததுதான்.

வாசகரின் கடிதத்தில் இரண்டாவது கேள்வி ஒன்று இருந்தது. அதுதான் என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது. மினிட்ஸ் புத்தகத்தையும் ஏஐயே எழுதிவிடுமா?

எழுதும். நாட்டில் பெரிய அளவிலேயே தொடங்கிவிட்டார்கள். மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்ட் 14 அன்று ‘சபாசார்’ என்ற கருவியைக் கொண்டுவந்தது. கிராம சபையின் ஒலி, ஒளிப்பதிவைக் கொடுத்தால் பாஷினி மொழித் தளத்தின் துணையோடு நடவடிக்கைக் குறிப்பைத் தயாரித்துத் தரும். முதலில் இறங்கியது திரிபுரா. கேரளத்தில் நீதிமன்றங்களே இதைக் கையில் எடுத்திருக்கின்றன: சாட்சி சொல்வதை எழுத்தாக்க ‘அதாலத் ஏஐ’ என்ற கருவியைக் கீழ்நிலை நீதிமன்றங்கள் 2025 நவம்பர் 1 முதல் பயன்படுத்த வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அதே உயர் நீதிமன்றம் அந்த ஜூலையில் வெளியிட்ட கொள்கையில், தீர்ப்புச் சொல்லவோ முடிவெடுக்கவோ ஏஐயைப் பயன்படுத்தக் கூடாது என்று கறாராக எழுதியும் வைத்தது. எழுதிக் கொடுக்கட்டும், முடிவெடுக்க வேண்டாம் என்ற இந்தக் கோடு உங்கள் சங்கத்துக்கும் பொருந்தும்.

ஆனால் ஆரியசாலை யோகத்தில் யார் சுத்தத் தமிழ் பேசுகிறார்கள்? தொடக்கம் தமிழில், நடுவில் மலையாளம், கோபம் வந்தால் எது வருகிறதோ அது. கருவியில் தமிழ் என்று தேர்ந்தெடுத்திருந்தால் மலையாள வாக்கியத்தைக் காதில் விழுந்த தமிழாக்கி எழுதிவிடும். “இப்போ வேண்டாம், ஓணம் கழிஞ்சு பார்க்கலாம்” என்று ஒருவர் ஒத்திப்போட்டதை, ஓணத்துக்குப் பிறகு செய்வதாகத் தீர்மானம் என்று சுருக்கிவைக்கவும் கூடும். மேஜையைத் தட்டி ஒருவர் சொன்னதும், இன்னொருவர் பதில் சொல்லாமல் எழுந்துபோனதும் அதன் குறிப்பில் ஏறாது. செயலாளருக்குத் தெரியும், எழுந்துபோனவரின் சம்மதம் இல்லாமல் அந்தத் தீர்மானம் நிற்காது என்று.

உத்திரமேரூரை நினைத்துப் பாருங்கள். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 921இல், குடவோலைத் தேர்தலுக்கான விதிகளைச் சபை கூடி முடிவுசெய்து கல்லில் வெட்டியது. எல்லாரும் தகுதி, தகுதியின்மைப் பட்டியலைத்தான் பேசுவார்கள். கல்வெட்டின் கடைசிப் பகுதியை யாரும் அதிகம் பேசுவதில்லை. சபையில் இருந்த பெருமக்கள் சொல்ல, இந்த வியவஸ்தையை எழுதியவன் நான் என்று மத்தியஸ்தன் சிவக்குறி ராஜமல்ல மங்கலப்பிரியன் தன் பெயரைப் போட்டிருக்கிறான். ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும், எழுதியது யார் என்று நமக்குத் தெரிகிறது.

ஆகவே செயலாளர் அவர்களே, குறிப்பை ஏஐ தயாரிக்கட்டும். மறுநாள் காலை அதைப் படித்து, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் திருத்தி, “எழுதியவர்” என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தொகை, தேதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் இந்த நான்கையும் கூட்டத்திலேயே பேப்பரில் குறித்துக்கொள்வது நல்லது. எழுத்தாக்கம் அடிக்கடி சறுக்குவது பெயரிலும் எண்ணிலும்தான். பதிவு ஓடுகிறது என்று தொடக்கத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், துபாய்க்காரர்களுக்கும் சேர்த்து. யாராவது வேண்டாம் என்றால் அந்தப் பகுதிக்கு நிறுத்திவிடுங்கள். உறுப்பினர் ஒருவரின் குடும்பக் கஷ்டத்துக்குச் சங்கம் உதவுவது பற்றிப் பேசும்போது, யாரும் கேட்காமலே நிறுத்திவிடுங்கள்.

அண்ணாச்சி அதே தெருவில்தான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாலை அவரை ஹாலுக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எந்த மைக் எந்தப் பக்கம், எந்த பிளக் பாயிண்ட் ஆடும், வால்யூமை எந்தக் கோட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று பேசவைத்துப் போனில் பதிவுசெய்யுங்கள், அவர் சம்மதத்தோடு. அதை ஒரு பக்கமாகத் தொகுக்க ஏஐக்கு ஒரு நிமிஷம் போதும். அச்சடித்து ஆம்ப்ளிஃபயருக்கு மேலே ஒட்டிவையுங்கள். அடுத்த முறை உதவி கேட்கும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால், உங்கள் ஹாலுக்கே உரிய பதில் கிடைக்கும்.

அந்தப் பக்கத்தின் ஒரு நகலை எங்களுக்கும் அனுப்புங்கள். சங்கக் கட்டடம், கல்யாண மண்டபம், நூலகம், பள்ளிக்கூடம் என்று ஹால் வைத்து நடத்தும் மற்ற வாசகர்களும் உங்கள் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எழுதலாம். வருகிற இதழ்களில் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்