பெயரில்லாக் கைகள்

ஹாலந்து நாட்டு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் 1624-ஆம் ஆண்டு ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டினார். இன்று அது இலண்டனில் வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முறுக்கு மீசையும் அகன்ற தொப்பியுமாகப் பிரபுவின் தோரணையில் நிற்கிறார் ஓர் இளைஞர். வயது 26 என்று படத்திலேயே எழுதியிருக்கிறது. பெயர் இல்லை, அவர் யாரென்று இன்றும் உறுதியாகத் தெரியாது.

நம் தருமபுரி மாவட்டத்து நடுகற்களிலோ நிலைமை வேறு. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயர் பல கற்களில் உண்டு. செதுக்கிய சிற்பியின் பெயரைக் காண்பது அரிது.

ஓவியத்தில் என்னைக் கவர்வது அந்த இளைஞரின் முகமன்று, உடைதான். சட்டைக் கையில் தேனீக்களும் அம்புகளும் தீச்சுடர்களுமாகப் பூவேலை. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய லேஸ். தையல் வகுப்பில் ஊசி பிடித்த தோழியருக்கு அதன் அருமை புரியும். எத்தனை நாள் உழைப்பு! அந்தக் கைகளுக்குரியவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

பெயரை நாடுவது தற்பெருமை அல்லவா என்று சிலர் கேட்கலாம். நம் தருமத்தை மறைவாகச் செய்யும்படிதான் ஆண்டவர் போதித்தார். பிறர் உழைப்பை மறைக்கச் சொல்லவில்லை. தன் பெயரைத் தானே பறைசாற்றுவது பெருமை; பிறர் பெயரைச் சொல்வது நீதி.

ஆகவே பள்ளிக் கைவேலைக் கண்காட்சியில் ஒவ்வொரு துணியின் கீழும், செய்த மாணவியின் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். கற்றுத் தந்தவர் பாட்டியானால், அவர் பெயரும் இருக்கட்டும்.