பட்டணம் பார்க்கப் போகும் தோழர்களுக்கு

ஒரு காலத்தில் பட்டணம் பார்ப்பதென்றால் செத்த காலேஜும் உயிர்க் காலேஜும் பார்ப்பது என்றிருந்தது. இப்பொழுது பாரி முனையில் இறங்கி, ஜார்ஜ் டவுனின் பழைய கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்பதும் வழக்கமாகி வருகிறது. நல்லதுதான், பார்க்கட்டும். ஆனால் அங்கே எதைக் காட்டுகிறார்கள், எதை மறைக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

பாரி முனையில் 1773ஆம் வருஷத்து எல்லைக்கல் ஒன்றிருக்கிறது. அதற்கும் கோட்டைக்கும் நடுவில் எவரும் வீடு கட்டக்கூடாதென்று கும்பினியார் நட்ட கற்களில் மிஞ்சியது அது. பிரஞ்சுக்காரர் 1746இல் கோட்டையைப் பிடித்த பயத்தால், பீரங்கிக்கு மறைப்பில்லாதிருக்க வேண்டுமென்று பழைய கறுப்பர் பட்டணத்தையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1892இல் எழுந்த ஹைகோர்ட்டு நிற்பது அந்த இடத்தில்தான். அங்கிருந்த சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும்கூட 1757இல் இடிபட்டார்கள். பிறகு பூக்கடைப் பக்கத்தில் வேறு மனை வாங்கிக்கொண்டு குடியேறினார்கள். “சுயம்பு”, “ஸ்தல விசேஷம்”, “இம்மியும் அசைக்கக்கூடாது” என்று நம்மிடம் பேசும் சாஸ்திரிகள், பீரங்கிக்கு முன் என்ன பேசினார்களோ!

கறுப்பர் பட்டணம் என்று வெள்ளைக்காரன் பெயர் வைத்தானே என்று நம்மவர் ஆத்திரப்படுகிறார்கள். படவேண்டியதுதான். அந்தக் கறுப்பர்கள் தங்களுக்குள் எப்படி வாழ்ந்தார்கள்? எந்த ஜாதியின் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாமென்று வலங்கையாரும் இடங்கையாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1652இல் ஒரு கலகம். 1707இல் அதைவிடப் பெரிய கலகம். வலங்கையாரில் பலர் தொழிலைப் போட்டுவிட்டுச் சாந்தோமுக்கே போய்விட்டார்கள். கடைசியில் கவர்னர் தாமஸ் பிட் என்னும் வெள்ளைக்காரன் பஞ்சாயத்துக்கு வந்து, வலங்கையாருக்குப் பெத்துநாயக்கன்பேட்டை, இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை என்று பங்கு பிரிக்க வேண்டியதாயிற்று. துணி வியாபாரம் நின்றுபோகுமே என்பது அவன் கவலை. நம்மவருக்கு என்ன கவலை? தெருவில் மேளம் அடிக்கும் பாத்தியதை!

இந்த இரண்டு கைக்குள் அடித்துக்கொண்டவர்களுக்கு, பட்டணத்தின் பழைய படங்களில் “பறைச்சேரி” என்று தனியே குறிக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வழக்கும் இல்லை. அதைத் தள்ளி வைப்பதில் மட்டும் இரண்டு கையும் ஒரே கைதான்.

வெள்ளையன் நட்ட கல்லுக்குப் பக்கத்தில் நின்று சேதி சொல்லுகிற வழிகாட்டிகள், பேட்டைகளைப் பிரித்த கதையைச் சொல்லுவதில்லை. ஆகவே போகும் தோழர்கள் தங்கசாலைத் தெருவில் நின்று வாய்விட்டுக் கேளுங்கள்: “ஐயா, இது எந்தக் கையின் தெரு?”