செந்தேள் கடிக்கு ஒரு மாத்திரை

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் கருத்துப் பெருத்த நட்டுவாக்காலியைக் கண்டு அலறுபவர்கள், விறகுக் குவியலில் ஒண்டியிருக்கும் சிறிய செந்தேளுக்கு அவ்வளவு பயப்படுவதில்லை; உயிரைப் பறிக்கக் கூடியதோ செந்தேள்தான். நரம்புச் செல்லின் சவ்விலுள்ள சோடியக் கால்வாய் நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரமே திறந்து மூட வேண்டியது. செந்தேள் நஞ்சு அந்த மதகை மூடவிடுவதில்லை. நரம்புகள் ஓயாமல் தூண்டப்பட்டு, அட்ரினலின் வகைச் சுரப்புகள் பெருகி, ரத்த நாளங்கள் இறுகி, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோக்கிறது. மகாராஷ்டிரத்தின் மஹாட் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980-களில் பிரசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பல உயிர்களை மீட்டார். அது கால்வாயைத் தொடுவதே இல்லை. நாளங்கள் இறுகுவதைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். நஞ்சுமுறி ஊசி இருக்க மாத்திரை எதற்கு என்று கேட்கலாம். இரண்டையும் சேர்த்துத் தந்தால் விரைவாகக் குணமாகிறது என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது உண்மையே. ஆனால் ஊசி கைக்கு எட்டும்வரை நஞ்சு காத்திருக்காது. பெரும்பாலான கடிகள் வலியோடு முடிகின்றன என்பதும் சரி. அவற்றுக்கு இந்த மாத்திரை வேண்டாம். வியர்த்துக் கொட்டி, வாந்தியெடுத்து, கைகால் சில்லிட்ட குழந்தையை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ அனுப்புமுன், மருத்துவர் முதல் வேளையை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். அதற்கு, மாவட்டத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரசோசின் எந்நேரமும் இருப்பதைச் சுகாதாரத் துறை உறுதிசெய்ய வேண்டும்.