ஒரு கிலோ கம்பி

"மேம், முழுக் கம்பி ஒரு கிலோவா? கடைல பத்தரைக்கு மேல போடுவாங்களே!"

கேட்டவன் சிவில் முதலாண்டு. அப்பா கம்பி கட்டும் வேலை பார்ப்பவர். லீவு நாளில் இவனும் கூடப் போவான். பைத்தான் லேபில் அன்றைக்குக் கொடுத்த கணக்கு, இரும்புக் கம்பியின் எடை. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கிடைத்துவிடும். கட்டட வேலை நடக்கிற இடத்தில் வாய்ப்பாடு போலச் சொல்கிற சூத்திரம்தான். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் 10.67 கிலோ வர வேண்டும். இவன் திரையில் 1.037 என்று நின்றது.

அவன் வரிசையில் இன்னும் நாலு பேருக்கு அதே விடை. எங்கிருந்து யாருக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை. நாலு பேரும் அதை அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தார்கள்.

பிசகு ஒரே ஒரு குறியில். வர்க்கத்துக்கு, ஷிஃப்ட்டோடு 6 அமுக்கினால் வரும் கூரைக் குறியைப் போட்டிருந்தான். பைத்தானில் அதற்கு இரண்டு நட்சத்திரம் போட வேண்டும். கூரைக் குறிக்கு அங்கே வேறு வேலை. இரண்டு எண்களையும் இரும எண்ணாக்கி, இடத்துக்கு இடம் ஒப்பிட்டு, வேறுபடுகிற இடத்தில் மட்டும் 1 போடும். 12 என்பது 1100, 2 என்பது 0010. ஒப்பிட்டால் 1110, அதாவது 14. ஆக, 144 இருக்க வேண்டிய இடத்தில் 14 வந்து உட்கார்ந்துகொண்டது. பைத்தானைப் பொறுத்தவரை எல்லாம் சரி. சிவப்பு எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை.

இருபது வருஷமாக முதலாண்டுக்கு நிரலாக்கம் நடத்துகிறேன். காலையில் தேவகோட்டையில் பஸ் ஏறி, ரஸ்தா நிறுத்தம் வருவதற்குள் அன்றைய லேப் கணக்கை மனசுக்குள் ஒருமுறை போட்டுப் பார்ப்பது பழக்கம். பிள்ளைகளுக்குப் பயமெல்லாம் அந்தச் சிவப்பு எழுத்தில்தான். "மேம், எரர் வந்திருச்சு" என்பதை வீட்டில் யாருக்கோ காய்ச்சல் வந்துவிட்ட குரலில் சொல்வார்கள். என் பயம் சிவப்பு வராத பிசகைப் பற்றியது.

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரிலேயே நிரலாக்கம் உண்டு. 2013 விதிமுறையில் சி மொழி இருந்தது; 2017, 2021 விதிமுறைகளில் பைத்தான். "எங்க பசங்களுக்கு இது எதுக்கு?" என்று மெக்கானிக்கல்காரர்கள் கேட்பார்கள். அந்தச் சண்டைக்கு நான் போவதில்லை. 2021 விதிமுறையின் லேப் பட்டியலைப் பாருங்கள்: மின்கட்டணம், சில்லறைக் கடை பில், மோட்டார் பைக்கின் எடை, கம்பியின் எடை, மூன்று பேஸ் மின்னோட்டம். எழுதியவர்கள் தெருவில் இறங்கி நடந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். பட்டியலில் குறையில்லை. அதை நாங்கள் தேர்வாக்குகிற விதத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

எப்படி என்கிறீர்களா? மூன்று மணி நேரம், 100 மதிப்பெண், கையில் பேனா. நிரலைத் தாளில் எழுத வேண்டும். ஹனாய் கோபுரம் என்ற புதிர் 13 மதிப்பெண் கேள்வியாக வந்தால் ஒரு அட்சரம் பிசகாமல் எழுதிவிடுவார்கள். மூன்று நாணயங்களைக் கையில் கொடுத்து, "இங்கிருந்து அங்கே மாத்து, பெரிசு சின்னதுக்கு மேல உட்காரக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். ஏழு நகர்த்தலில் முடிகிற வேலை, பாதி வகுப்பு திணறும். லேப் தேர்வு தனியாக உண்டு, கணினியிலேயே உண்டு. அதிலும் வருஷம் முழுக்கத் தெரிந்த பட்டியலிலிருந்துதான் சீட்டு எடுப்பார்கள். அவுட்புட் வந்தால் மதிப்பெண். 1.037-உம் அவுட்புட்தானே.

2022 டிசம்பரில் ஒரு வேலை செய்தேன். ரெக்கார்டு நோட்டில் வழிவழியாக வருகிற மின்கட்டண நிரலில் யூனிட் விலை எல்லாம் யாரோ என்றைக்கோ கற்பனையாகப் போட்டது. தமிழ்நாட்டில் எந்த வீட்டுக்கும் பொருந்தாது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, அவரவர் வீட்டு ஈபி பில்லை எடுத்துவரச் சொன்னேன். அந்தச் செப்டம்பரில்தான் கட்டணம் மாறியிருந்தது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25 ரூபாய், அடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6. மொத்தம் 1,725 ரூபாய். வகுப்பில் எல்லோருக்கும் சரியாக வந்தது, ஒரு பெண்ணுக்குத் தவிர. அக்கா கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் அவள் வீட்டில் 520 யூனிட் ஓடியிருந்தது. நிரல் சொன்னது 1,885. பில்லில் இருந்தது 2,110.

"ஈபிகாரங்க தப்பா போட்டுட்டாங்க மேம்" என்றது வகுப்பு ஒரே குரலில். கணினி தப்பாகச் சொல்லாது என்பதில் அவ்வளவு நம்பிக்கை. 501 போட்டுப் பார், 600 போட்டுப் பார் என்றேன். கட்டணப் பட்டியலை வைத்துக்கொண்டு கையால் ஒரு கணக்கு, நிரலால் ஒரு கணக்கு. எத்தனை யூனிட் போட்டாலும் வித்தியாசம் அதே 225 ரூபாய். இருபது நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "மேம், அஞ்சுநூறத் தாண்டினா அந்த ரெண்டே கால் ரூபா படியே கெடையாது" என்றான். ஆமாம், 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு வேறு படிக்கட்டு, 101-லிருந்தே 4.50. நூறு யூனிட்டுக்கு இரண்டே கால் வீதம் கூடினால் 225. இப்போது விலை மாறிவிட்டது. ஆனால் அன்றைக்கு அந்த வகுப்பு நிபந்தனை என்றால் என்ன என்று கற்றது போல என் 'இஃப்-எல்ஸ்' பாடத்தில் யாரும் கற்றதில்லை.

தப்பைப் பற்றிப் பேசும்போது என் ஐயாவை (அப்பாவின் அப்பா) இங்கே இழுக்காமல் இருக்க முடியவில்லை. பதினாலு வயதில் கப்பலேறி, பர்மாவில் ஒரு வட்டிக் கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தவர். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று என்று எண்சுவடி அவர் வாயில் உருளும். அதைச் சொல்லிப் பெருமைப்படுவது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எனக்கு நினைவில் நிற்பது அவர் பிற்பாடு எழுதிய பேரேடு. தப்பாக எழுதிய தொகையை அவர் சுரண்டமாட்டார், கிறுக்கி மறைக்கமாட்டார். மேலே ஒரே ஒரு மெல்லிய கோடு; பக்கத்தில் சரியான தொகை, தேதி. தப்பும் படிக்கத் தெரிய வேண்டும். சுரண்டிய ஏட்டை முதலாளி கையால் தொடமாட்டாராம். எட்டு வயதில் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ரெக்கார்டு நோட்டு இதற்கு நேர் எதிர். அதில் ஒரு பிசகைக்கூடப் பார்க்க முடியாது. நாற்பது நோட்டும் ஒரே மாதிரி, வொயிட்னர் வாசத்தோடு, அட்டை போட்டு வந்து சேரும். அதைத் திருத்திக் கையெழுத்துப் போடுகிறவர்களில் நானும் ஒருத்தி.

அழகப்பச் செட்டியார் 1952-ல் காரைக்குடியில் பொறியியல் கல்லூரி தொடங்கிய காலத்தில் பொறியாளர் கையில் ஸ்லைடு ரூல் இருந்தது. அது இலக்கங்களை மட்டும் காட்டும். ஒன்றா, பத்தா, நூறா என்று புள்ளி வைப்பது நம் பொறுப்பு. கம்பி எத்தனை கிலோ இருக்கும் என்று தோராயமாகத் தெரியாதவன் அதைத் தொடவே முடியாது. இன்றைக்குக் கைபேசியிடம் கேட்டால் பத்து விநாடியில் நிரலே வந்துவிடுகிறது, புள்ளி உட்பட. நிரலை மனப்பாடமாக எழுதத் தெரிந்தவனுக்கு இனி யார் சம்பளம் கொடுப்பார்கள்? வந்த விடையைப் பார்த்து "ஒரு கிலோவா?" என்று சிரிக்கத் தெரிந்தவன் வேண்டும். அந்தச் சிரிப்புக்கு எங்கள் வினாத்தாளில் ஒரு மதிப்பெண்கூட இல்லை.

பாடத்திட்டக் குழுவில் இருக்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. 13 மதிப்பெண் கேள்வி ஐந்தில் ஒன்றையாவது மாற்றுங்கள். ஓடுகிற, ஆனால் தப்பான விடை தருகிற நிரல் ஒன்றை அச்சடித்துக் கொடுத்து, எங்கே பிசகு, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேளுங்கள். இதற்குப் பணம் செலவில்லை, புதுக் கணினி வேண்டாம். கொஸ்டின் பேங்க் விற்கிறவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கஷ்டம்.

ரெக்கார்டு நோட்டில் இடது பக்கம் கோடு போடாத வெள்ளைத் தாள். எங்கள் பாடத்தில் அது காலியாகவே கிடக்கும். இந்த வருஷம் என் வகுப்பில், வந்த எரரையும் தப்பான விடையையும் அழிக்காமல் அந்தப் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். கம்பிக்காரர் மகனின் கதையைச் சொன்ன பிறகு எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். அதற்கு மதிப்பெண் போட எனக்கு அதிகாரம் இல்லை.