துக்கத்துக்கு வந்த வட்டியிலும் வரியா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோடும் தண்டவாளமும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ரோட்டில் ஒருவர் லாரி மோதி இறந்தால் குடும்பம் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகிறது. வருமான இழப்புக்கு ஒரு தொகை. கணவனை இழந்த துயரத்துக்குத் தனியாக 40,000 ரூபாய். 2017-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கணக்கு இது; மூன்று வருடத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூடும். (துயரத்துக்கும் அகவிலைப்படி!) இந்த இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது.

ஆனால் வழக்கு இழுத்த வருடங்களுக்குச் சேரும் வட்டி? அதை வருமானம் என்றார்கள். 50,000 ரூபாயைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனியே 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டது. பான் கார்டு இல்லாத ஏழை விதவைக்கு 20 சதவீதம். பாதி வட்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் இருந்தது. ரிட்டர்ன் போட அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான் ஏழாம் வகுப்புக்குத் தனிவட்டி நடத்தியவன். அசலை ஒருவன் விரும்பிக் கொடுத்தால்தான் வட்டி அவனுக்கு லாபம். இங்கே அசல் என்பது போன உயிர். அதை யாரும் டெபாசிட் செய்யவில்லை. தாமதத்துக்கான ஈடுதான் அந்த வட்டி. 2019-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும், 1978-ல் சிறுவனாக அடிபட்ட ஒருவரின் வழக்கில், மனு போட்ட நாளிலிருந்து தீர்ப்பு வரையான வட்டி இழப்பீட்டின் பகுதியே என்றது.

2026 பட்ஜெட்டில், ஏப்ரல் 1 முதல் இந்த வட்டிக்கு வரிவிலக்கு, டி.டி.எஸ்.-ஸும் இல்லை என்று அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் யாருக்கு? மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனவர்களுக்கு மட்டும்.

குரோம்பேட்டையில் டிக்கெட்டோடு ஏறியவன் கூட்டத்தில் தவறி விழுந்து இறந்தால், குடும்பம் ரயில்வே தீர்ப்பாயத்துக்குப் போகிறது. உயிருக்கு 8 லட்சம். தாமத வட்டி சேர்ந்தால் அதற்கு அந்த விலக்கு இல்லை. தவறான சிகிச்சையில் மகளைப் பறிகொடுத்து நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கு இழப்பீடு வாங்கியவருக்கும் இல்லை. ரோட்டில் செத்தால் ஒரு சட்டம், அதற்குப் பத்தடி தள்ளித் தண்டவாளத்தில் செத்தால் வேறு சட்டமா?

அமெரிக்காவில் 1996-லிருந்து உடற்காயம் இல்லாத மன வேதனைக்கான இழப்பீட்டுக்கே வரி. அந்த ஊரைக் காட்டி எனக்குச் சமாதானம் சொல்லாதீர்கள்.

என் மாணவர்களில் ஆடிட்டர்கள் இருக்கிறீர்கள், வருமான வரித்துறையிலும் இருக்கிறீர்கள். அந்த விலக்கில் 'எந்தத் தீர்ப்பாயமும், எந்த ஆணையமும்' என்று நாலு வார்த்தை சேர்க்க என்ன தடை? கீழே எழுதுங்கள், சாருக்கு மரியாதை என்று சும்மா லைக் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.